மயிலிட்டிக் கடலில் தூண்டில் விளையாட்டு



உரோமப் பெருந்தளபதி மார்க் அந்தோனி, எகிப்து நாட்டரசி கிளியோபாத்திராவின்பாற் கொண்ட காதலினாலே, கி.மு. 41ஆம் ஆண்டின் குளிர்காலத்தை அலெக்சாந்திரியாவிலே கழித்தான். அலெக்சாந்திரியா மத்தியதரைக் கடலின் தென்கரையிலே அமைந்த துறைமுகப் பட்டினம். அங்கே அரசியும் தளபதியும் பரிவாரங்களோடு படகேறித் தூண்டில் போட்டுப் பொழுது போக்குவதுண்டு. ஒருநாள் அந்தோனியின் தூண்டிலில் ஒரு மீனும் சிக்கவில்லை. அரசி அருகிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெட்கம் தாளாத தளபதி, முக்குளிக்கவல்ல சிலரை இரகசியமாக ஏவி, முன்னரே பிடித்த மீன்களை நீருக்கடியிலே தன் தூண்டிலிற் கொளுவச் செய்தான். பின்னர் இரண்டு மூன்று மீன்களை அடுத்தடுத்து இழுத்துப் பெருமிதத்தோடு காட்டினான்.

அரசி இந்தச் சூதை உணர்ந்துகொண்டாள். ஆயினும் வியந்தவள் போல நடித்தாள். மறுநாள் வேடிக்கை பார்க்க வருமாறு பலரையும் அழைத்தாள். அந்தோனி தூண்டிலை இறக்கியதும், அரசியின் ஆள் ஒருவன் முந்திக்கொண்டு நீந்திச் சென்று, கருங்கடற் பக்கத்திலிருந்து வந்த உப்பிட்ட மீன் ஒன்றை அதிலே கொளுவிவிட்டான். நம்மூர் மொழியிலே சொன்னால், கருவாடு! தளபதி மிக மும்முரமாக இழுத்தான். கருவாடு மேலே வந்தது. படகுகளிலே எழுந்த சிரிப்பைக் கேட்க வேண்டுமா? அப்போது அரசி, தூண்டிற் கோலைத் துறைமுகத்து மீனவரிடம் கொடுத்துவிடும்படியும், அவனுக்கேற்ற வேட்டை நகரங்களும் நாடுகளுமே என்றும் நயமாகப் பேசி அவன் மனத்தைத் தேற்றினாளாம். புளூட்டாக் என்னும் கிரேக்க ஆசிரியர் தாம் எழுதிய அந்தோனியின் வரலாற்றிலே இதைக் குறித்து வைத்திருக்கின்றார்.

இந்தக் கதையை நான் முதன்முதலிற் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னர் ஒரு நினைவும் வந்தது. மீன் அகப்படாமையால் அந்தோனிக்கு நேர்ந்தது நாணம். அதே கடலிலே, அதே நாளிலே, வெறும் தூண்டிலோடு கரை திரும்பிய துறைமுகத்து மீனவனுக்கு நேர்ந்தது பட்டினி. ஒரே கடல், ஒரே தூண்டில், ஒரே மீன். ஒருவனுக்கு அது விளையாட்டு, மற்றவனுக்கு அது சீவியம். இவ்விருவரும் ஒரு துறையிலே எங்ஙனம் கூடி வாழ்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அந்தத் துறையும் அலெக்சாந்திரியா அன்று, மயிலிட்டி.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையிலே, தையிட்டியை அடுத்துக் கிடக்கிறது மயிலிட்டி. மணற்கரையைக் காட்டிலும் கற்கரையே மிகுதி. சுண்ணாம்புக் கல்லும் முருகைக் கல்லும் கடலினுள்ளே படிப்படியாக இறங்கிச் செல்கின்றன. கல் உள்ள இடத்திலே பாசி. பாசி உள்ள இடத்திலே சிறு மீன். சிறு மீன் உள்ள இடத்திலே பெருமீன். கடலடியிலுள்ள இந்தக் கற்றிடல்களைப் பார் என்று சொல்வார்கள். பாரிலே விளைமீனும் கலவாயும் வாழும். பாரின் விளிம்பிலே சீலாவும் பாரையும் உலவும். அதற்கு அப்பால் நீரோட்டத்திலே அறக்குளாவும் சூரையும் கூட்டங் கூட்டமாகச் செல்லும்.

காற்றின் கணக்கையும் சொல்ல வேண்டும். வாடைக்காற்று மூண்டெழும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலே இந்த வடகடல் சீறிக்கொண்டு கரையை மோதும். சிறு படகுகள் துறையைவிட்டு நகரா. பங்குனி, சித்திரையிலே காற்றடங்கிக் கடல் கண்ணாடியாகும். சோளகம் வீசும் காலத்திலே காற்றுக் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதனால் கரையோரத்து நீர் அமைதியாயிருக்கும். எச்சரிக்கையில்லாத படகை அது வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போவதும் உண்டு. நகரத்து மனிதர் நாட்காட்டியைப் பார்ப்பது போல எங்கள் ஊரார் காற்றைப் பார்த்தனர்.

மயிலிட்டி பெருந்தொழில் நடந்த துறை. 1950களின் பிற்பகுதியிலே இயந்திரம் பூட்டிய மூன்றரைத் தொன் படகுகளும் நைலோன் வலைகளும் இலங்கைக்கு வந்தபோது, அவற்றை விரைந்து கைக்கொண்ட துறைகளுள் இதுவும் ஒன்று. நாடு முழுவதிலும் பிடிபட்ட மீனிலே மூன்றிலொரு பங்கு ஒரு காலத்தில் இங்கிருந்தே சென்றது என்று ஊரார் இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வர். அதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க நான் வரவில்லை. மாலை மயங்கும் வேளையிலே படகுகள் அணியணியாக வெளிக்கடலுக்குப் புறப்பட்டதையும், விடியற்காலையிலே மீன் ஏற்றிய பார ஊர்திகள் தெற்கு நோக்கி வரிசையாகச் சென்றதையும் கண்ணாற் கண்டவன் நான்.

அத்தகைய துறையிலே தூண்டில் விளையாட்டுக்கு இடமிருந்ததோ என்று கேட்பீர்கள். இருந்தது. அது சிறுவருக்கும் முதியவருக்கும் உரியது. படகேறும் பருவம் வராதவரும், படகேறும் பருவம் கடந்தவரும் பள்ளிக்கூடம் விட்ட பின்னர் இறங்குதுறையிலே கூடினர். கோல் கிடையாது, எல்லாம் கைத்தூண்டில். ஒரு தங்கூசி நூல், அதைச் சுற்றி வைக்க ஒரு போத்தல், ஓர் ஈயத்துண்டு, ஒரு தூண்டில், இரைக்குக் கணவாய்த் துண்டோ இறாலோ சூடை மீனோ. போத்தலை இடக்கையிலே பிடித்து, நூலை வலக்கையின் சுட்டுவிரல் மேலே ஓடவிட்டு, அந்த விரலின் நுனியினாலே கடலின் அடியைப் பார்ப்போம். பார்ப்போம் என்றே சொல்கிறேன். ஈயம் மணலிலே விழுந்ததா கல்லிலே விழுந்ததா என்பதை அந்த விரல் அறியும். சிறு மீன் இரையைக் கொறிப்பது வேறு. விளைமீன் ஒருமுறை தொட்டுப் பார்த்து, விலகி, மறுமுறை உறுதியாக எடுப்பது வேறு. கலவாய் விழுங்கிக்கொண்டு நேரே கற்பொந்துக்குள் ஓடுவது வேறு. பொந்துக்குள் புகுந்துவிட்டால் நூல் அறும். மீனும் போகும், தூண்டிலும் போகும். அன்றைய நாளிலே ஒரு தூண்டிலின் விலை எங்களுக்குப் பெரிய விலை.

எனக்குப் பதினொரு வயது இருக்கும். என் பக்கத்திலிருந்த தோழனுடைய நூலிலே பெரிய மீனொன்று பற்றிக்கொண்டது. நூல் அவன் விரலை அறுத்துக்கொண்டு ஓடியது. அவன் துள்ளினான், கத்தினான். நான் உதவி செய்யும் எண்ணத்தோடு எட்டி அந்த நூலைப் பிடித்தேன். எங்களுக்குப் பின்னாலே வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், “எட தம்பி, கையை எடு! மீன் அவனோடையெல்லே கதைக்குது!” என்று அதட்டினார். நான் கையை எடுத்தேன். சிறிது நேரத்திலே நூல் தளர்ந்தது, மீன் போய்விட்டது. தோழன் அழுதான். நான் பிடித்திருந்தால் அந்த மீன் கரையேறியிருக்கும் என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தோன்றியது. “அப்பு, நீங்கள் மறிக்காட்டில் மீன் வந்திருக்கும்” என்று முறையிட்டேன். “வந்திருக்கும். ஆற்றை மீன் எண்டு பிறகு சண்டை பிடிச்சிருப்பியள்” என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே.

இந்த நிகழ்ச்சியை நான் பல ஆண்டுகள் மறந்திருந்தேன். பின்னொருகால் அமெரிக்க நாட்டுத் தூண்டில் விளையாட்டின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோது முதியவரின் குரல் மீண்டும் காதிலே கேட்டது. கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள சாந்தா கட்டலினாத் தீவிலே, சாள்ஸ் பிரடெரிக் ஹோல்டர் என்பவர் 1898ஆம் ஆண்டு யூன் மாதத்திலே 183 இறாத்தல் நிறையுள்ள சூரையினப் பெருமீன் ஒன்றைக் கோலும் மெல்லிய நூலும் கொண்டு பிடித்தார். அதற்கு முன்னர் அங்கு வந்த செல்வர், தடித்த கயிறுகளிலே தூண்டில் கட்டி மீனைக் கணக்கின்றி இழுத்துக் குவித்து, தின்னவும் ஆளின்றி எறிந்துவிட்டுப் போயினர். இது வேட்டையன்று, கொலை என்று கண்ட ஹோல்டர், அதே ஆண்டிலே ஒரு தூண்டிற் கழகத்தை அமைத்து விதிகளை வகுத்தார். நூல் மெல்லியதாய் இருத்தல் வேண்டும். மீனோடு போராடுபவர் தாமே தனித்துப் போராடி முடித்தல் வேண்டும். 1939ஆம் ஆண்டிலே உருவாகிய அனைத்துலக விளையாட்டு மீன்பிடிச் சங்கமும் அவ்வழியையே பின்பற்றியது. மீன் போராடிக்கொண்டிருக்கையிலே மற்றொருவர் கோலையோ நூலையோ தொட்டுவிட்டால், அந்த மீன் கணக்கிற் சேராது. உலகச் சங்கம் எழுத்திலே வைத்த விதியை மயிலிட்டி இறங்குதுறையிலே ஒரு முதியவர் வலை பொத்திக்கொண்டே சொல்லிவிட்டார்.

மீனோடு போராடுதல் என்றேன். தமிழருக்கு அது புதுமையன்று. அகநானூற்றிலே மதுரை நக்கீரர் பாடிய பாட்டொன்று உண்டு. மருத நிலத்துக் குளத்திலே ஒரு கொழுத்த ஆண் வரால் இரும்புத் தூண்டிலின் இரையை விழுங்கிவிடுகின்றது. பின்பு அது ஆம்பல் இலையைக் கிழித்து, குவளை மலரைச் சிதைத்து, கொடிகளைக் குழப்பி, இழுப்பவன் இழுப்புக்கு வராமல், கயிற்றிலே கட்டிய சினங்கொண்ட காளை போல மதர்த்து நிற்கின்றது. புலவர் மீனை வென்றவனைப் பாடவில்லை. இழுபடாத மீனையே பாடுகின்றார். தூண்டில் பிடித்த அனுபவம் உள்ளவர் இந்தப் பாட்டைப் படித்தால் தம் விரலைத் தடவிப் பார்த்துக்கொள்வர். வகுப்பிலே நான் இதைக் கற்பித்தபோதெல்லாம் கடற்கரைப் பிள்ளைகள் உரையின்றியே விளங்கிக்கொண்டார்கள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இங்கே கதையை நிறுத்தி, ஓர் ஆண்டைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. 1990ஆம் ஆண்டு யூன் மாதம் 15ஆம் நாள். போர் காரணமாக மயிலிட்டி மக்கள் ஊரைவிட்டு எழுந்தனர். சில நாட்களிலே திரும்பிவிடலாம் என்று வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துச் சென்றவர் பலர். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்தினுள் அடங்கியது. மக்கள் மல்லாகம், சுன்னாகம் பகுதிகளின் முகாம்களிலும், உறவினர் வீடுகளிலும், கடல் கடந்த நாடுகளிலும் சிதறினர். துறைமுகமும் சுற்றியுள்ள ஏறத்தாழ 54 ஏக்கர் நிலமும் 2017ஆம் ஆண்டு யூலை மாதம் 3ஆம் நாளே விடுவிக்கப்பட்டன. இடையிலே சென்றவை இருபத்தேழு ஆண்டுகள். ஏனைய காணிகளின் கதை நீண்டது. அது இந்தப் பேச்சுக்குள் அடங்காது.

இருபத்தேழு ஆண்டு என்பது ஒரு தலைமுறை. முகாமிலே பிறந்த ஒரு மாணவன், தன் ஊரைப் பற்றி எழுதிய கட்டுரையிலே, எங்கள் ஊர் கடலோரத்தில் உள்ளது, நான் அதைப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தான். அவன் இருந்த இடத்திலிருந்து அந்தக் கடல் நாலைந்து மைல் தொலைவு. வாடைக்கால இரவிலே காற்று வாக்காக வந்தால் அலையோசை கேட்கும் என்று அவனுடைய பேர்த்தியார் சொல்வாராம். கட்டுரைக்கு எத்தனை புள்ளி கொடுத்தேன் என்பது நினைவில்லை.

மக்கள் திரும்பியபோது துறை இருந்தது, கடல் இருந்தது. ஆனால் ஒன்று தொலைந்திருந்தது. அதை விளக்க, பழைய மீனவர் பார்களை எப்படிக் கண்டுபிடித்தனர் என்பதைச் சொல்ல வேண்டும். கடலின்மேலே அடையாளம் இல்லை. ஆகவே அவர்கள் கரையைப் பார்த்தனர். காங்கேசன்துறை வெளிச்சவீடும் ஒரு கோயிற் கோபுரமும் ஒன்றின் பின் ஒன்றாக வரும்வரை படகைச் செலுத்துவர். பின்னர் வேறு பக்கம் திரும்பி, ஒரு பனங்கூடலும் ஒரு மாடி வீட்டின் கூரையும் ஒரே நேரிலே வரும்வரை நகர்வர். இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே பார். அங்கே ஈயத்தை இறக்கினால் கல்லிலே தட்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவ்வாறு பத்து இருபது அடையாளச் சோடிகள் தெரிந்திருந்தன. தந்தை மகனுக்குச் சொன்னார், அயலவருக்குச் சொல்லவில்லை. பாரின் அடையாளம் மகளுக்குக் கொடுக்கும் சீதனத்தைப் போலப் பாதுகாக்கப்பட்டது.

2017இலே திரும்பிவந்த முதியவர்கள் படகிலே நின்று கரையைப் பார்த்தபோது, அந்தப் பனங்கூடல் இல்லை. அந்த மாடி வீடு இல்லை. சில கோபுரங்களும் இல்லை. இருந்த இடமெல்லாம் பற்றைக்காடு. கல்லும் மீனும் கடலின் அடியிலே பழையபடி இருக்கின்றன. அவற்றுக்கு வழிகாட்டிய மரங்கள் கரையிலே இல்லை. “பார் துலைஞ்சு போச்சு, தம்பி” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். கடலிலே ஒரு கல் எப்படித் தொலையும் என்று கேட்கத் தோன்றும். இப்படித்தான் தொலையும்.

இன்று வான்கோளிலிருந்து இடத்தைக் காட்டும் கருவியும், ஒலியைச் செலுத்தி ஆழத்தைக் காட்டும் கருவியும் கிடைக்கின்றன. இளைஞர்கள் அவற்றினாலே பார்களை மீண்டும் ஒவ்வொன்றாகக் கண்டெடுக்கின்றார்கள். நல்லதே. ஆயினும் கருவி கல்லைக் காட்டுமேயன்றி, எந்தக் காற்றிலே எந்தப் பாரிலே எந்த மீன் நிற்கும் என்பதைக் காட்டாது. அந்த அறிவு சுட்டுவிரலிலே இருந்தது. அது நூல் பிடித்தே வரும்.

இனி விருந்தினருக்கு வருகின்றேன். 2019ஆம் ஆண்டு ஒக்டோபரிலே பலாலி விமான நிலையம் யாழ்ப்பாண அனைத்துலக விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அது மயிலிட்டிக்கு அயல். 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. மயிலிட்டித் துறைமுகச் சீரமைப்பு வேலைகளும் தொடக்கி வைக்கப்பட்டன. ஆகவே கோலும் நூலுருளையும் கையிற் கொண்ட விருந்தினர் இந்தத் துறைக்கு வருவது வியப்பன்று. வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் 1880களிலே நுவரெலியாவின் குளிரோடைகளில் திரௌட் மீனைக் கொண்டுவந்து விட்டு வளர்த்துத் தூண்டில் போட்டார்கள். மீனையே கடல் கடந்து கொண்டுவர வேண்டியிருந்தது. மயிலிட்டிக்கு அந்தச் செலவு இல்லை. சீலா, பாரை, அறக்குளா மூன்றும் உலகெங்கும் தூண்டில் விளையாட்டினர் தேடிச் செல்லும் மீன்கள். வெளிக்கடலிலே மயில்மீனும் உண்டு. முதுகுத் துடுப்பை மயில் தோகையைப் போல விரிக்கின்ற அந்த மீன், கடலிலே மிக விரைந்து நீந்தும் மீன்களுள் ஒன்று. தூண்டிலிற் பட்டால் நீருக்குமேலே எழுந்து வாலினால் நடக்கும். மயில்மீனுக்கும் மயிலிட்டிக்கும் பெயர்த் தொடர்பு கற்பிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. யாராவது கற்பித்துவிடுவார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

விருந்தினர் வரட்டும் என்பதே என் கருத்து. ஆனால் அந்தோனியைப் போல வரலாகாது. மத்தியதரைக் கடலே இதற்குப் பாடம். அங்கே நீலத்துடுப்புச் சூரை என்னும் பெருமீனை மிகையாகப் பிடித்து அதன் இனமே அருகும் நிலை வந்த பின்னர், 2006ஆம் ஆண்டளவிலே கடுமையான மீட்புத் திட்டம் வகுத்தார்கள். முப்பது கிலோவுக்குக் குறைந்த மீனை, சில விலக்குகள் நீங்கலாக, எவரும் பிடித்தலாகாது என்றார்கள். விளையாட்டுக்காகப் பிடிப்பவருக்கு வேறொரு விதியும் வைத்தார்கள். அவர்கள் பிடித்த மீனை விற்றலாகாது. ஐரோப்பிய ஒன்றியம் அதே 2006இலே மத்தியதரைக் கடலுக்கென இயற்றிய சட்டத்திலும், பொழுதுபோக்குக்காகப் பிடிக்கும் எந்த மீனுக்கும் இவ்விதி உண்டு. பல ஆண்டுக் கட்டுப்பாட்டுக்குப் பின் சூரை மீண்டும் பெருகியது.

விற்றலாகாது என்னும் இந்த ஒரு விதியை நான் பெரிதும் மதிக்கின்றேன். விளையாடுபவன் சந்தையிலே மீனவனோடு போட்டியிடலாகாது என்பதே அதன் பொருள். நம் துறைக்கு வரும் விருந்தினனும் தனக்கென ஒரு படகை இறக்குமதி செய்துகொண்டு வாராமல், எங்கள் ஊர்ப் படகிலே, எங்கள் ஊர் மீனவரை வழிகாட்டியாகக் கொண்டு, அவருக்கு ஒருநாட் கூலியைக் கொடுத்துப் போக வேண்டும். ஓர் அறக்குளாவைச் சந்தையிலே விற்றால் ஒருமுறை காசு. அதே அறக்குளாவைத் தேடிப் போவதற்கு ஒருவன் காசு கொடுத்தால், மீன் அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும் காசு. எங்கள் ஊரவர் சிலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். மீனைப் பிடிக்காமல் வருவதற்கு ஒருவன் பணம் கொடுப்பானோ என்றார்கள். கொடுப்பான் என்றேன். அவர்கள் இன்னும் நம்பவில்லை.

பிடித்த மீனை உயிரோடு விட்டுவிடும் வழக்கமும் அந்த விளையாட்டினரிடையே பரவியிருக்கின்றது. “பிடிச்ச மீனை விடுறதெண்டால் பிறகேன் பிடிக்கிறது?” என்று நம்மவர் கேட்கும் கேள்விக்கு என்னிடம் நல்ல மறுமொழி இல்லை. பசிக்காகப் பிடித்து உண்பதிலே ஒரு நேர்மை இருக்கின்றது. வாயைக் கிழித்து, படம் எடுத்து, போய்வா என்று அனுப்புவதிலே எனக்கு முழு மனநிறைவு இல்லை. சைவ உணவினராகிய நேயர்கள் இரண்டுமே குற்றம் என்பர். அவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. எனினும் விடவேண்டிய மீன் என்று சில உண்டு. கலவாய் இனங்கள் பலவற்றிலே மீன் பெண்ணாக வளர்ந்து, பெருத்த பின்னரே ஆணாக மாறுகின்றது. பெரிய கலவாய்களையெல்லாம் தேடிப் பிடித்துவிட்டால் பாரிலே ஆண் மீன் அற்றுப்போகும். கொடுவா இதற்கு நேர்மாறு; முதலிலே ஆண், பிறகு பெண். அங்கே பெரியதைப் பிடித்தால் முட்டையிடும் தாய் போய்விடும். ஆகவே சிறியதை விடு என்பது மட்டும் போதாது. சில வேளை மிகப் பெரியதையும் விட வேண்டும். படம் பிடிக்க ஆசைப்பட்டு வருபவனுக்கு இதைச் சொல்லி விளங்கவைப்பது கடினம்.

விடுவதானால் முறையாக விட வேண்டும். உலர்ந்த கையினாலே மீனைப் பிடித்தால் அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பு உரிந்துவிடும். கையை முதலிலே கடல்நீரில் நனைத்தல் வேண்டும். செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கலாகாது. நுனி உள்நோக்கி வளைந்த வட்டத்தூண்டில் கடைவாயிலே கொளுவும், குடலிலே கொளுவாது. அறுந்த தங்கூசியைக் கடலில் எறியலாகாது, அது மக்காது, ஆமையின் கழுத்திலும் பறவையின் காலிலும் சுற்றிக்கொள்ளும். இவற்றுள் எதுவும் செலவு பிடிக்கும் காரியமன்று.

ஒரு கேள்வி எழலாம். இழுவைமடிகள் கடலின் அடியையே வாரிச் செல்கையில், தூண்டில்காரனுக்கு இத்தனை விதிகளோ என்று. நியாயமான கேள்வி. 2017ஆம் ஆண்டு யூலை மாதத்திலே இலங்கைப் பாராளுமன்றம் அடிமட்ட இழுவைமடியைச் சட்டத்தினாலே தடை செய்தது. மயிலிட்டித் துறை விடுவிக்கப்பட்டதும் அதே மாதம். ஆயினும் வடகடலின் இழுவைமடிப் பிரச்சினை தீர்ந்தபாடில்லை. பாக்குநீரிணையின் இரு கரையிலும் இருப்பவர் தமிழராதலால் அது எங்களுக்கு இரட்டைத் துயரம். ஒரு முருகைக் கல் திடல் வளர எத்தனையோ தலைமுறை செல்லும். அதை ஓர் இரவிலே ஒரு மடி பெயர்த்துவிடும். தூண்டில் கல்லைப் பெயர்ப்பதில்லை. இருபத்தேழு ஆண்டு தொழிலின்றித் திரும்பிவந்தவருக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பார்களே. அவற்றிலே நூல் இறக்கிப் பழகிய பிள்ளைகள் நாளைக்கு அந்தக் கல்லுக்காக வாதாடுவார்கள் என்று நான் நம்புகின்றேன். கல்லை விரலாலே தொட்டறியாதவன் அதற்காக ஏன் வாதாடப் போகின்றான்?

சென்ற பங்குனி மாதத்திலே ஒரு மாலை, மயிலிட்டி இறங்குதுறைக்குப் போயிருந்தேன். கடல் அசைவற்றுக் கிடந்தது. ஐந்தாறு சிறுவர்கள் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். போத்தல்களெல்லாம் இப்போது பிளாத்திக்குப் போத்தல்கள். மற்றபடி எல்லாம் பழையபடியே. அவர்களுக்குப் பின்னால் நின்ற இளந்தந்தை ஒருவரை அடையாளம் கண்டுகொண்டேன். முன்னாளிலே, ஊரைப் பார்த்ததில்லை என்று கட்டுரை எழுதிய அதே மாணவன். “வணக்கம் சேர்” என்று அருகே வந்தார். தம் மகனைக் காட்டினார். அவரும் மகனும் ஒரே காலத்திலேதான் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொண்டார்களாம்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையிலே பிள்ளையின் நூல் திடீரென்று ஓடியது. தகப்பன் பாய்ந்து அந்த நூலைப் பிடிக்கப் போனார். என்னை அறியாமலே என் கை அவர் தோளிலே விழுந்தது. அவர் நின்றார். பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு, நூலை விட்டும் வாங்கியும், நெடுநேரம் போராடினான். மேலே வந்தது ஒரு விளைமீன். இரண்டு சாணுக்குக் குறையாது. பிள்ளை அதைக் கூடைக்குள் போட்டுவிட்டு, தூண்டிலிலே புது இரை கொளுவத் தொடங்கினான். எங்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.